தில்லி வர்த்தகக் கண்காட்சிக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு: சீட்டு, சாப்பாடு, சாமான்

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை தில்லி பிரகதி மைதானத்தில், அதாவது இப்போது பாரத மண்டபம் நிற்கும் வளாகத்தில், இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடைபெறுகிறது. மாற்றலாகியோ படிக்கவோ தில்லிக்கு வந்து சேர்ந்த தமிழர்களிடம் "ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்" என்று சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். எந்த நாளில் போவது, எந்த வாசலில் நுழைவது, எதை முதலில் சாப்பிடுவது, எதைக் கடைசியாக வாங்குவது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. கூட்டத்தில் இடிபட்டு, கால் கடுத்து, பை நிறையத் தேவையில்லாதவற்றைச் சுமந்து திரும்பும் குடும்பங்களை மெட்ரோவில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். கண்காட்சியை நடத்தும் இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனத்தின் அறிவிப்பில் நேரமும் கட்டணமும் இருக்கும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முழு நாளையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே நான் முதலில் சொல்லக்கூடிய யோசனை. முற்பகல் பார்ப்பதற்கும் சுவைப்பதற்கும், பிற்பகல் வாங்குவதற்கும் என்று வைத்துக்கொண்டால் பணமும் காலும் ஒருசேரத் தப்பும்.

1. நாளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் ஐந்து நாட்கள், அதாவது 14 முதல் 18 வரை, வணிகர்களுக்கானவை. அந்த நாட்களிலும் பணம் கட்டினால் யாரும் போகலாம் என்றாலும், பெரியவர்களுக்கான கட்டணம் 500 ரூபாய் என்ற அளவில் இருப்பதால் சாப்பிட்டுச் சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. 19 முதல் 27 வரை பொதுமக்களுக்கான நாட்கள். அண்மை ஆண்டுகளில் இந்த நாட்களில் பெரியவர்களுக்கு 80 ரூபாயும் குழந்தைகளுக்கு 40 ரூபாயும் வாங்கினார்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் அதுவே 150 ரூபாயாகவும் 60 ரூபாயாகவும் உயர்ந்துவிடும்.

கட்டணம் ஏறுவதைவிடக் கூட்டம் ஏறுவதுதான் பெரிய தொல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பெரிய மாநிலங்களின் அரங்குகளில் நாம் நடப்பதில்லை, பின்னால் வருபவர்கள் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு கடையில் நின்று நிதானமாகப் பொருளைப் புரட்டிப் பார்க்க வழியே கிடையாது. ஆகவே ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் 20, 21 தேதிகளை ஒட்டிய வேலைநாளில் போவதே நல்லது. குரு நானக் பிறந்தநாள் சில ஆண்டுகளில் இந்த வாரங்களுக்குள் வரும் என்பதால் நாட்காட்டியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசி இரண்டு நாட்களில் விலை குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். குறையத்தான் செய்கிறது, ஆனால் அப்போது மிஞ்சியிருப்பதுதான் குறைந்த விலைக்கு வருகிறது. கிராமத்து மகளிர் குழுக்கள் கொண்டுவரும் நல்ல சரக்கு, சிறிய அளவில் வருவதால், அதற்குள் தீர்ந்துபோய்விடும். 27ஆம் தேதி பிற்பகலில் பாதிக் கடைகள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றன. திரும்பச் சுமந்துபோக விரும்பாத கம்பளம், பீங்கான், விளக்கு போன்ற கனமான பொருட்களில் கண் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கடைசி நாட்கள் லாபம்.

2. நுழைவுச்சீட்டும் ஆவணங்களும்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. மைதானத்து வாசல்களில் சீட்டு விற்பதில்லை. வாசலுக்கு மிக அருகில் உள்ள உச்சநீதிமன்ற மெட்ரோ நிலையத்திலும் விற்பதில்லை. தில்லி மெட்ரோவின் செயலியிலும், கண்காட்சி நடத்துபவர்களின் இணையதளத்திலும், தேர்ந்தெடுக்கப்பட்ட மெட்ரோ நிலையங்களின் கவுன்டர்களிலும்தான் சீட்டு கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்து நிலையம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அறிவிப்பு வந்ததும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். எளிய வழி, முந்தைய நாள் இரவே செயலியில் வாங்கி, கியூஆர் குறியீடு தெரியும் திரையைப் படம் பிடித்துக் கைபேசியில் சேமித்துக்கொள்வதுதான்; வாசலருகே ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைத் திறப்பதால் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். வாசலுக்கு வெளியே கையில் சீட்டோடு நின்று "வரிசையே வேண்டாம்" என்று கூப்பிடுபவர்களிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்ட சீட்டாக இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொது நாட்களில் கட்டணம் இல்லை. ஆனால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துச் செல்பவர்கள் அவர்களுடைய ஆதார் அட்டையின் அசலை எடுத்துக்கொள்ளட்டும்.

3. எடுத்துச்செல்ல வேண்டியவை

மடித்து வைக்கக்கூடிய துணிப்பை இரண்டு, தண்ணீர், ஈரத்துணித்தாள், முழுச் சார்ஜ் உள்ள கைபேசி, 100 ரூபாய் 50 ரூபாய் நோட்டுகளாக ரொக்கம், பழகிய காலணி. நவம்பர் பிற்பகுதியில் தில்லியில் காலையில் குளிரும், நண்பகலில் வெயில் அடிக்கும், ஆறு மணிக்கு மேல் மீண்டும் குளிரும். கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய மேலுடை போதும். காற்று மாசு உச்சத்தில் இருக்கும் மாதம் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் திறந்தவெளியில் முகக்கவசம் அணிவது நல்லது. சிறு குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிய சீட்டு ஒன்றை வைத்துவிடுங்கள்.

4. பயணமும் வாசலும்

சொந்த வண்டியில் போகாதீர்கள். மதுரா சாலையிலும் பைரோன் மார்க்கிலும் நிறுத்தினால் போக்குவரத்துக் காவலர்கள் இழுத்துச் சென்றுவிடுவார்கள். பைரோன் கோயில் பக்கமும் உயிரியல் பூங்கா பக்கமும் உள்ள கட்டண நிறுத்துமிடங்கள் நண்பகலுக்குள் நிரம்பிவிடும். மெட்ரோவின் நீலப் பாதையில் உச்சநீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். பழையவர்கள் இன்னமும் அதைப் பிரகதி மைதான் நிலையம் என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். கரோல்பாக், ஜனக்புரி, மயூர் விகார் ஆகிய இடங்களில் இருப்பவர்கள் நேராக வந்துவிடலாம். மஞ்சள் பாதையில் வருபவர்கள் ராஜீவ் சௌக்கில் மாறினால் அங்கிருந்து மூன்றாவது நிலையம். நொய்டா போகும் வண்டி, வைசாலி போகும் வண்டி இரண்டுமே அங்கே நிற்கும் என்பதால் முதலில் வருவதில் ஏறிவிடலாம். நிலையத்துக்கு மிக அருகில் இருப்பது 10ஆம் எண் வாசல்.

காலை 10 மணிக்குத் திறப்பார்கள். 9.45க்கு வாசலில் நிற்பவருக்கும் 11.30க்கு வருபவருக்கும் கிடைக்கும் கண்காட்சி ஒன்றல்ல. மாலையில் ஆறு மணிக்கு முன்னரே புதிதாக உள்ளே விடுவதை நிறுத்திவிடுவது வழக்கம், ஆகவே "அலுவலகம் முடிந்து எட்டிப் பார்க்கலாம்" என்ற திட்டம் தில்லியில் பலிக்காது. வெளியே போனால் அதே சீட்டில் மறுபடி நுழைய முடியும் என்றும் எண்ண வேண்டாம்.

5. முதல் சுற்று: கைகட்டிப் பார்ப்பது

அரங்குகளின் ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் நுழைந்ததும் வரைபடப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அரங்குகள், வெளிநாட்டு அரங்குகள், ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் சரஸ் ஆஜீவிகா அரங்கு, கதர் கிராமத் தொழில் அரங்கு, உணவுப் பகுதி ஆகிய ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டால் போதும். அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் அரங்குகளில் குழந்தைகளுக்கு வேடிக்கை இருக்கும். வாங்கவோ தின்னவோ அங்கே ஒன்றும் இல்லை.

இந்தச் சுற்றில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, விற்பவர் யார் என்று கண்டுபிடிப்பது. மேலே ஒரு மாநிலத்தின் பெயர்ப்பலகை இருந்தாலும் கீழே உள்ள கடைகள் எல்லாமே அந்த மாநிலத்திலிருந்து வந்தவை அல்ல. தில்லிக் கடைத்தெருக்களில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் அதே குர்தாவும் அதே வளையலும் மாநில அரங்குக்குள் இரட்டை விலைக்கு உட்கார்ந்திருக்கும். பிரித்தறிய எளிய வழி உண்டு. "இதை எந்த ஊரில் செய்கிறீர்கள், செய்ய எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். செய்பவராக இருந்தால் ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சொல்வார், பாதி முடிந்த ஒன்றை எடுத்துக் காட்டுவார், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். வாங்கி விற்பவர் உடனே விலைக்குத் தாவுவார். சரஸ் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். பல மாநிலங்களின் சரக்கு ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் செய்தவர் கையிலிருந்தே கிடைப்பதால், நேரம் குறைவாக உள்ளவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தாலும் பழுதில்லை.

காய் நறுக்கும் கருவி, கறை போக்கும் பொடி, முதுகு பிடிக்கும் நாற்காலி ஆகியவற்றை ஒலிபெருக்கியோடு செய்து காட்டுபவர்கள் எந்தக் கண்காட்சியிலும் உண்டு. நின்று ரசியுங்கள், பர்ஸைத் திறக்காதீர்கள்.

6. சாப்பாட்டு வரிசை

ஒரு தட்டு ஏறக்குறைய 100 ரூபாயிலிருந்து 250 ரூபாய் வரை ஆகும். இருவர் அல்லது மூவர் சேர்ந்து ஒரே தட்டைப் பகிர்ந்துகொள்வதுதான் இங்கே புத்திசாலித்தனம். ஆளுக்கொரு தட்டு வாங்கினால் இரண்டாவது மாநிலத்திலேயே வயிறு நிரம்பிவிடும். நண்பகல் 12.30க்கு மேல் உணவுக் கடைகளின் முன் நிற்க இடம் இருக்காது என்பதால் 11.30க்கே தொடங்கிவிடுங்கள். உட்கார இடம் கிடைத்தால் ஒருவரை அங்கே விட்டுவிட்டு மற்றவர்கள் வாங்கி வருவது நல்லது.

நான் சொல்லும் வரிசை காரத்திலிருந்து இனிப்புக்கும், இனிப்பிலிருந்து சூடான பானத்துக்கும் போகும். முதலில் பீகாரின் லிட்டி சோக்கா. கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கடலைமாவான சத்துவை, பூண்டு, ஓமம், ஊறுகாய் மசாலா சேர்த்து அடைத்துத் தணலில் சுடுகிறார்கள். மேல்தோல் ஆங்காங்கே கருகி வெடித்திருக்கும். அதை உள்ளங்கையால் அழுத்தி உடைத்து உருக்கிய நெய்யில் முக்கித் தருவார்கள். கூடவே வரும் சோக்கா, சுட்ட கத்தரிக்காயையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் மசித்துப் பச்சைக் கடுகெண்ணெய் விட்டது. நம் நாக்குக்கு அந்த எண்ணெயின் நெடி முதல் வாயில் மூக்கில் ஏறும். இரண்டாவது வாய் வரை பொறுத்திருங்கள். எண்ணெயில் பொரித்துத் தரும் லிட்டியும் சில கடைகளில் உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுத் தணல் அடுப்பு கண்ணுக்குத் தெரியும் கடையாகத் தேடுங்கள்.

அடுத்து ராஜஸ்தானின் தால் பாட்டி சூர்மா. அதிலுள்ள பாட்டி, பார்க்க லிட்டியின் உறவுபோல இருந்தாலும் உள்ளே எதுவும் அடைக்காத கெட்டி உருண்டை. பருப்பில் நொறுக்கி ஊறவிட்டுத்தான் உண்ண வேண்டும். ஒரு தட்டு மூவருக்குப் போதும், ஏனென்றால் அதில் இறங்கும் நெய் மாலை வரை பேசும். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்பவர்கள் லிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி ஆண்டு முழுவதும் தில்லியில் கிடைக்கும். ஹிமாச்சலத்தின் சித்து கண்ணில் பட்டால் விடாதீர்கள். புளித்த கோதுமை மாவுக்குள் அக்ரூட்டையோ கசகசாவையோ அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்து, வெட்டி, நெய்யோடு தருவது. இட்லி தின்று வளர்ந்தவர்களுக்கு எளிதில் பிடித்துப்போகும். ஜார்க்கண்டின் துஸ்கா அரிசியும் பருப்பும் அரைத்துப் பொரித்தது.

வடகிழக்கு மாநிலக் கடைகளில் பெரும்பாலும் புகையூட்டிய பன்றி இறைச்சியும், மூங்கில் குருத்தும், நொதித்த சோயாவும் இருக்கும். மணம் தூக்கலாக இருந்தாலும், அசைவம் உண்பவர்கள் ஒரு சிறு கிண்ணமாவது சுவைக்க வேண்டும். சைவர்கள் "மாமிசம் போட்ட பாத்திரம் தனியா?" என்று கேட்டுவிடுவது நல்லது, தயங்காமல் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பூத் ஜோலோகியா மிளகாய் ஊறுகாயைச் சுவைக்கத் தந்தால் குச்சியின் நுனியளவே நாக்கில் வையுங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இனிப்பில் ஒடிசாவின் சேனா போடாவுக்கே என் ஓட்டு. பாலைத் திரித்து எடுத்த பனீரில் சர்க்கரை சேர்த்து, சர்க்கரை கருகி மேல்புறம் காப்பிப் பழுப்பாகும் வரை சுடுவது. வெட்டும்போது ஓரத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். வங்காள அரங்கில் நோலேன் குட் என்னும் புதுப் பேரீச்ச வெல்லத்து இனிப்பு என்று விற்பார்கள். ஆனால் குளிர் இறங்கிய பிறகே வெல்லம் காய்ச்சும் அந்த மரத்துச் சாறு நன்றாக இறங்கும், நவம்பர் இறுதியில்தான் பருவமே தொடங்குகிறது. ஆகவே கண்காட்சியின் தொடக்க நாட்களில் கிடைப்பது பெரும்பாலும் பழைய வெல்லமாகவோ சர்க்கரை கலந்ததாகவோ இருக்கும். சாப்பிடலாம், ஆனால் கிலோக்கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். கடைசியாகக் காஷ்மீர் கடையில் ஒரு கோப்பை காவா: பச்சைத் தேயிலை, ஏலம், பட்டை, குங்குமப்பூ, மேலே சீவிய பாதாம். அவ்வளவு நெய்யையும் அடக்க அதுதான் மருந்து.

பச்சைச் சட்னியும் வெட்டி வைத்த பழமும் மதியத்துக்கு மேல் வேண்டாம். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதை மட்டும் உண்டால் மறுநாள் வயிறு கேள்வி கேட்காது.

7. நவம்பரில் எது புதுச்சரக்கு

உணவுப்பொருள் வாங்குவதில் நான் கடைப்பிடிக்கும் விதி, அறுவடைக் காலத்தைப் பார்ப்பது. காஷ்மீரில் குங்குமப்பூ பறிப்பது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. அக்ரூட் உதிர்ப்பது செப்டம்பர், அக்டோபரில். பீகாரின் மிதிலைப் பகுதியில் விளையும் அல்லி வகை விதைப் பொரியான மக்கானாவும், குமாவுன் மலை ராஜ்மாவும், மணிப்பூரின் சாக்-ஹாவ் கறுப்பரிசியும் ஏறக்குறைய இந்தப் பருவத்தை ஒட்டியே வருகின்றன. ஆகவே இவற்றைக் கண்காட்சியில் வாங்குவதில் பொருள் உண்டு. மேகாலயாவின் லகடோங் மஞ்சள் குளிர்காலக் கடைசியில் அறுவடையாவது என்பதால் நவம்பரில் கிடைப்பது முந்தைய விளைச்சல். மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் 7 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் அந்த மஞ்சள் அப்போதும் வாங்கத் தகுந்ததுதான், ஆனால் பொடியாக வாங்காமல் காய்ந்த வில்லையாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

குங்குமப்பூ விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மோங்க்ரா என்பது சிவந்த முனை மட்டும். லச்சா என்பது அடியில் மஞ்சள் காம்போடு சேர்ந்தது, அதனால் விலை குறைவு. லச்சாவைக் காட்டி மோங்க்ரா விலை கேட்பது வழக்கமான தந்திரம். வெதுவெதுப்பான நீரில் இரண்டு இழைகளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அசல் இழை மெல்ல மெல்லப் பொன்னிறத்தை விட்டுக்கொண்டே, தான் நெடுநேரம் சிவப்பாகவே கிடக்கும். சாயம் பூசிய இழை போட்டவுடன் சிவப்பைக் கொட்டிவிட்டு வெளுத்து நிற்கும். ஒரு கிராம் சில நூறு ரூபாய் ஆகும் பொருள் என்பதால், 5 கிராம் டப்பாவை 300 ரூபாய்க்குத் தருகிறேன் என்பவரிடம் சோதனையே தேவையில்லை, நடையைக் கட்டுங்கள்.

உலர்பழக் கடைகளில் மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, விலையைக் கிலோவுக்குச் சொல்லாமல் "பாவ்" கணக்கில், அதாவது 250 கிராமுக்குச் சொல்வது; "நானூறு" என்று காதில் விழுந்து ஒரு கிலோ போடச் சொன்னால் ரசீதில் 1,600 வரும். இரண்டாவது, சுவைக்கத் தரும் கிண்ணத்தில் நல்ல சரக்கும் கட்டித் தரும் பொட்டலத்தில் வேறு சரக்கும் இருப்பது. ஆகவே நீங்கள் சுவைத்த குவியலிலிருந்தே உங்கள் கண்முன் அள்ளி எடை போடச் சொல்லுங்கள். மூன்றாவது, கனத்த அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுவது. பெட்டியைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே பொருளைப் போடும்படி கேட்பது உங்கள் உரிமை.

பொட்டலமாக வாங்கும் எதிலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, பொதி செய்த தேதி, அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். மகளிர் குழுக்களின் பொட்டலங்களில் இவை எளிய ஸ்டிக்கராகவே ஒட்டப்பட்டிருக்கும்; அச்சு அழகாக இல்லை என்பதற்காக ஒதுக்காதீர்கள், தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

8. துணியும் கைவினையும்

பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. அதற்கு மேல் கண்ணாலும் பார்க்கலாம். கைத்தறிப் புடவையின் இரு கரைகளிலும் தறியில் இழுத்துப் பிடித்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். லக்னோ சிக்கன் வேலைப்பாட்டைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்ததில் முடிச்சுகளும் ஒழுங்கற்ற இழைகளும் இருக்கும், இயந்திரத் தையலில் எல்லாப் பூவும் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருக்கும்.

பஷ்மினா சால்வை 1,500 ரூபாய்க்குக் கிடைக்காது. கையால் நூற்றுக் கையால் நெய்த அசல் சால்வையின் விலை பெரும்பாலும் ஐந்திலக்கத்தை ஒட்டியே இருக்கும், புவிசார் குறியீட்டுச் சீட்டும் கூட வரும். "செமி பஷ்மினா" என்று சொல்லி விற்பது கலப்புக் கம்பளி. அந்த விலைக்கு அது நல்ல குளிர்த்துணிதான், பெயருக்குப் பணம் கொடுக்காமல் துணிக்குக் கொடுங்கள். மோதிரத்துக்குள் சால்வையை நுழைத்துக் காட்டும் வித்தையை நம்ப வேண்டாம், மெல்லிய செயற்கை இழையும் அதில் நுழையும்.

சத்தீஸ்கர் பஸ்தரின் டோக்ரா வார்ப்புச் சிலைகள், மதுபனி ஓவியங்கள், குர்ஜா பீங்கான் ஆகியவை இங்கே நியாயமான விலைக்குக் கிடைக்கும். ஜெய்ப்பூர் நீலப் பீங்கானைச் சாம்பார் ஊற்ற வாங்காதீர்கள், அது அலங்காரத்துக்கு. தமிழ்நாடு அரங்குக்குப் போவது உங்கள் விருப்பம். பூம்புகாரும் கோ-ஆப்டெக்ஸும் வருவது வழக்கம், ஆனால் ஊருக்குப் போகும்போது கிடைக்காத எதுவும் அங்கே இருக்காது. தமிழில் பேரம் பேசும் சுகம் மட்டும் கிடைக்கும்.

9. வெளிநாட்டு அரங்குகள்

ஆப்கானிய, ஈரானிய வணிகர்களின் கடைகளில் அத்தி, பாதாம், பிஸ்தா, உலர்ந்த பாதாமி ஆகியவை தரமாக இருக்கும். கயிற்றில் கோத்த அத்தியை விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். கல்போல் இருந்தாலோ வெள்ளைப் பூஞ்சைத் தூள் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். தாய்லாந்துக் கடைகளில் செருப்பு, செயற்கை நகை, சர்க்கரையில் காய்ச்சிய பழங்கள் ஆகியவை குறைந்த செலவில் பரிசளிக்க ஏற்றவை. வண்ணக் கண்ணாடி விளக்குகளும் பீங்கானும் கண்ணைப் பறிக்கும், ஆனால் முதலில் சொல்லும் விலைக்கும் முடியும் விலைக்கும் இடையே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். மின்சாதனம் எதையும் வாங்காதீர்கள். பழுதானால் விற்றவர் அடுத்த கண்காட்சிக்கு வேறு ஊரில் இருப்பார்.

10. பேரம், பணம், ரசீது

மகளிர் குழுவிடமும் நெசவாளரிடமும் பத்து ரூபாய்க்காக மல்லுக்கட்ட வேண்டாம், அவர்கள் சொல்வது பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். இரண்டு மூன்றாக வாங்கும்போது குறைத்துக் கேட்கலாம். மற்ற கடைகளில் "தோடா கம் கரோ பையா", அதாவது "கொஞ்சம் குறைங்க அண்ணா" என்று தொடங்குங்கள். "ஃபிக்ஸ்டு ரேட்" என்ற பலகைக்குப் பின்னாலும் மாலை நெருங்கும்போது விலை இளகும்.

யுபிஐ எல்லாக் கடையிலும் உண்டு என்றாலும், கூட்டம் ஏறும் பிற்பகலில் நெட்வொர்க் படுத்துவிடும். பணம் கழிந்ததாகக் காட்டி விற்பவருக்குப் போகாமல் நிற்கும் தகராறு அப்போதுதான் வரும், அதற்குத்தான் ரொக்கம். வெளிநாட்டுக் கடையில் ஸ்கேன் செய்தால் வேறொரு உள்ளூர்க்காரரின் பெயர் வரும். பெயரையும் தொகையையும் விற்பவரிடம் காட்டிய பின் அனுப்புங்கள். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட எதற்கும் விற்பவரின் பெயர், ஊர், கைபேசி எண், ஜிஎஸ்டி எண் ஆகியவை உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள், துணியாக இருந்தால் அதில் "தூய பட்டு" என்றோ "கைத்தறி" என்றோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காமல் விடுவதே மேல். பின்னால் சிக்கல் எழுந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது இல்லாமல் அங்கே பேச ஒன்றும் இருக்காது.

இருவருக்கான செலவைத் தோராயமாகச் சொல்வதானால், வேலைநாளில் சீட்டுக்கு 160, சாப்பாட்டுக்கு 700 முதல் 900, மெட்ரோவுக்கு 150 முதல் 200. வாங்குவதற்கு என்ன தொகை என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

11. திரும்புதலும் ஊருக்கு எடுத்துச்செல்லுதலும்

வாங்கும்போது முதலில் துணி, பிறகு உணவுப்பொருள், கடைசியில் பீங்கானும் ஊறுகாயும் என்று போனால் பை நசுங்காது. மாலை 5.30க்குள் வெளியே வந்துவிடுங்கள். ஆறரைக்கு மேல் உச்சநீதிமன்ற நிலையத்தின் வாசலில் வரிசை வெளியே சாலை வரை நீளும்; மெட்ரோ அட்டையில் திரும்பும் பயணத்துக்கும் பணம் இருக்கட்டும், அப்போது பயணச்சீட்டு வரிசையில் நிற்பது தண்டனை. சுமை குறைவாக இருந்தால் மண்டி ஹவுஸ் நிலையம் வரை நடந்துவிடுவது வேகமான வழி. மெட்ரோவில் ஒருவருக்கு 25 கிலோ வரையுள்ள ஒரு பை அனுமதி.

பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தில் வாங்குபவர்கள் எடையைக் கணக்கிடுங்கள். ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை கட்டணம் இல்லை. விமானத்தில் உள்நாட்டுச் சாதாரண வகுப்புக்கு வழக்கமாகச் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. ஊறுகாய் செக்-இன் பெட்டியில், இரட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள். கண்ணாடிச் சீசாவுக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பாவில் கேட்டால் பல கடைகளில் மாற்றித் தருவார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே உலர்பழப் பொட்டலங்களைப் பிரித்துப் பாருங்கள். பூச்சியோ புளித்த வாடையோ இருந்தால் கண்காட்சி முடிவதற்குள் ரசீதிலுள்ள எண்ணில் பேசிவிடலாம். அக்ரூட் குளிர்பதனப் பெட்டியில், குங்குமப்பூ வெளிச்சம் படாத டப்பாவில். கறுப்பரிசியை முந்தைய இரவே ஊறவைத்தால்தான் வேகும். மக்கானா நமுத்துப்போனால் வெறும் வாணலியில் சிறு தீயில் பத்து நிமிடம் வறுத்தெடுக்க, மொறுமொறுப்பு திரும்பிவிடும்.